ரெட்டினா ஒட்டிவிட்டது, கோலம் இன்னும் கோணல்தான்

இடது கண்ணில் ரெட்டினா, அதாவது கண்ணின் பின்பக்கம் உள்ளே ஒட்டியிருக்கும் விழித்திரை, கழன்று 3 ஆபரேஷன் முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பார்ப்பவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான், "சக்ஸஸா?" டாக்டரைக் கேட்டால் ஆமாம் என்பார். என்னைக் கேட்டால் உட்கார வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு மைனஸ் 9 பவர். கண்ணோரத்தில் மின்னல் வெட்டியது, கொசு பறப்பது போலப் புள்ளிகள் மிதந்தன, லேப்டாப்பை ரொம்ப நேரம் பார்த்ததால்தான் என்று நானே முடிவு செய்து 4 நாள் ஓட்டினேன். ஐந்தாம் நாள் மூக்குப் பக்கம் கீழிருந்து ஒரு கறுப்பு நிழல் ஏறியது. மறுநாள் காலையில் எதிரே நின்ற அம்மாவின் முகமே இல்லை. மேல்புறம் கிழிந்த ரெட்டினா, கூர்மையாகப் பார்க்க உதவும் நடுப்பகுதியான மேக்குலா வரை கழன்றிருந்தது. அது கழலும் முன் போனோமா, பின் போனோமா என்பதில்தான் பாதி ரிசல்ட் இருக்கிறதாம். நிழல் ஓரத்தில் இருந்தபோதே போயிருந்தால்... சரி, விடுங்கள்.

முதல் ஆபரேஷன் விட்ரெக்டமி. அதாவது, கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லை ஊசித் துளைகள் வழியாக வெட்டி எடுத்து, கிழிசலைச் சுற்றி லேசர் வைத்து, கேஸ் நிரப்புவது. கேஸ் மேலே மிதக்கும், அதனால் கண்ணின் பின்பக்கத்தை அழுத்த நாம் குப்புறக் கிடக்க வேண்டும். 5 நாள் கிடந்தேன். சாப்பாட்டுத் தட்டு தரையில், "தலையைத் தூக்காதடா" என்று அம்மா காவல். கழுத்து வலிக்குக் கண் வலி தேவலாம்! கேஸ் குமிழி சுருங்கச் சுருங்க, கொத்தனாரின் ரசமட்டம் மாதிரி பார்வைக்குள் ஒரு கோடு ஆடிக்கொண்டே தினமும் கொஞ்சம் கீழே இறங்கும். அந்த நேரம் பார்த்து மச்சான் கொடைக்கானலுக்குக் கூப்பிட்டார். மலையேறினால் காற்றழுத்தம் குறைந்து கேஸ் விரியும், கண் அழுத்தம் எகிறி இருக்கிற பார்வையும் போகலாம் என்று சொன்னேன், ஏதோ சாக்குச் சொல்கிறேன் என்றே நினைத்தார். விமானத்துக்கும் இதே கதைதான்.

10 பேரில் 8, 9 பேருக்கு முதல் தடவையிலேயே ஒட்டிவிடும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். மிச்சம் இருக்கும் அந்த ஒருவர் நானாக இருப்பேன் என்று யார் நினைத்தது? ஆறாவது வாரம் ரெட்டினா மேல் தழும்புச் சவ்வு வளர்ந்து, சுருக்கி இழுத்து, திரும்பவும் கழன்றது. யாருடைய தவறும் இல்லை, காயம் ஆறுகிற வேலையை உடம்பு அளவுக்கு மீறிச் செய்துவிட்டது, அவ்வளவுதான். இரண்டாவது ஆபரேஷனில் சவ்வை உரித்துவிட்டு, கேஸுக்குப் பதில் சிலிகான் ஆயில் வைத்தார்கள். ஆயில் இருந்த 5 மாதமும் அந்தக் கண்ணில் என் மைனஸ் பவர் பாதிக்கு மேல் குறைந்திருந்தது, சின்ன வயதிலிருந்து வேண்டிக்கொண்டது இப்படியா பலிக்க வேண்டும்? கூடவே கண் அழுத்தம் ஏறி, ஒரு நாளைக்கு 3 வகை சொட்டு மருந்து. அப்புறம் கண்புரை. விட்ரெக்டமி செய்தவர்களில் பெரும்பாலானோருக்கு, அதுவும் 50 தாண்டியவர்களுக்கு, ஓரிரு வருடத்தில் இது வந்துவிடும். எனக்கு 46-லேயே வந்தது. மூன்றாவது ஆபரேஷனில் ஆயிலை எடுத்து, கண்புரையையும் எடுத்து, லென்ஸ் வைத்தார்கள்.

இப்போது சார்ட்டில் 6/24, அதாவது நல்ல கண் 24 மீட்டரில் படிப்பதை இந்தக் கண் 6 மீட்டரில்தான் படிக்கும். ரெட்டினா ஒட்டியிருக்கிறது என்று சீட்டில் எழுதியிருக்கிறார்கள், பொய்யில்லை. ஆனால் வாசலில் மனைவி போடும் புள்ளிக் கோலம் அந்தக் கண்ணுக்கு நடுவில் கிள்ளி இழுத்த மாதிரி வளைந்து தெரிகிறது, கதவு நிலை இடுப்பொடிந்து நிற்கிறது. எழுத்துகள் இரண்டு கண்ணுக்கும் இரண்டு அளவில் தெரிவதால், படிக்கும்போது இடது கண்ணை மூடிக்கொள்கிறேன். ஆனாலும் பஸ் வருவது தெரிகிறது, இடது பக்கம் யாராவது வந்தால் மோதாமல் விலக முடிகிறது. ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால் அதுவும் இருந்திருக்காது.

வலது கண்ணிலும் மெலிந்த இடங்கள் இருந்ததால் சுற்றி லேசர் போட்டிருக்கிறார்கள். காலையில் எழுந்ததும் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு எதிர்வீட்டு ஜன்னல் கம்பிகளை எண்ணுகிறேன். 14 இருக்க வேண்டும்.