காலஞ்சென்ற என்னும் சொல்

மட்டக்களப்பில் மெதடிஸ்த சபையொன்றின் அலுவலகத்தில் 22 ஆண்டுகள் லிகிதராகக் கடமையாற்றினேன். சந்தாப் பற்றுச்சீட்டு எழுதுவதும் ஞானஸ்நான, விவாகப் பதிவேடுகளைப் பேணுவதும் என் நாளாந்த வேலைகள். அவற்றோடு, நியமனக் கடிதத்தில் குறிப்பிடப்படாத ஒரு பொறுப்பும் முதல் ஆண்டிலேயே என்னிடம் வந்து சேர்ந்தது. சபையார் ஒருவர் இறந்தால் அடக்க ஆராதனையில் வாசிப்பதற்கான வாழ்க்கைக் குறிப்பை எழுதுவதும், ஆண்டுதோறும் நவம்பர் முதல் ஞாயிறன்று சகல பரிசுத்தவான்களின் ஆராதனையில் வாசிக்கப்படும், இறந்தோரின் பெயர்ப் பட்டியலைத் தயாரிப்பதுமே அது. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி தாம் மிகவும் நேசித்த திருநாளென்று தமது நாட்குறிப்பில் எழுதிவைத்தது இந்தத் திருநாளைத்தான். எனக்கும் காலப்போக்கில் அது அப்படியே ஆயிற்று.

தொடக்கத்தில் நான் இந்தப் பணியைச் சரியாகச் செய்யவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இறந்தபோது, குடும்பத்தார் தந்த பிறந்த திகதி, படித்த பாடசாலை, வகித்த பதவிகள் ஆகியவற்றை வரிசைப்படுத்தி, 'எல்லோரிடமும் சாந்தமாகப் பழகியவர்' என்று முடித்திருந்தேன். சேமக்காலையிலிருந்து திரும்பும் வழியில் அவரிடம் படித்த ஒருவர் என்னை நிறுத்தி, சேர் சாந்தமானவர் அல்லர் என்றும், கணக்குப் பிழைத்தால் கை சிவக்க அடிப்பார் என்றும், ஆனால் சோதனைக்கு முந்திய மூன்று மாதமும் பின்தங்கிய பிள்ளைகளைத் தம் வீட்டு விறாந்தையில் இருத்தி, மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் காசு வாங்காமல் படிப்பித்தார் என்றும் சொன்னார். "நீங்கள் வாசித்தது வேறு ஆரையோ" என்று அவர் கூறியபோது எனக்குப் பதில் இருக்கவில்லை. அதன்பின், வீட்டில் ஒருவரையும், அயலில் ஒருவரையும், இறந்தவரோடு வேலை செய்த ஒருவரையும் கேட்காமல் எந்தக் குறிப்பையும் நான் எழுதியதில்லை. வெஸ்லியின் காலத்துப் போதகர் மாநாட்டு அறிக்கைகளில் 'இவ்வாண்டில் மரித்தவர்கள் யார்?' என்றொரு கேள்வி இடம்பெறும்; அதற்குரிய விடையில் போதகரின் பெயரும் அவரைப் பற்றிய ஓரிரு வரிகளும் மட்டுமே இருக்கும். அந்தச் சுருக்கத்தை நான் மதிக்கிறேன். உண்மையான இரண்டு வரிகள் எழுதுவதற்கு, புகழ்ச்சியாக இரண்டு பக்கம் எழுதுவதைக் காட்டிலும் அதிகம் நடக்கவேண்டும், அதிகம் கேட்கவேண்டும்.

எங்கள் பழைய அடக்கப் பதிவேட்டில் பெயர், வயது, வசிப்பிடம், அடக்கம் செய்த நாள், ஆராதனை நடத்திய குருவின் கையொப்பம் ஆகியவற்றுக்கு மட்டுமே நிரல்கள் உண்டு. 1978 நவம்பர் சூறாவளியில் கூரை போனபோது நனைந்த பக்கங்கள் சில ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எஞ்சியவற்றிலும் பெண்கள் பலர் 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் தாய்' என்றே காணப்படுகின்றனர். சொந்தப் பெயர் இல்லை. பிற்காலத்து வாழ்க்கைக் குறிப்புகளிலும் இந்தக் குறை தொடர்ந்தது. சபை நிர்வாகத்தில் உக்கிராணக்காரராக இருந்தவருக்கு ஒரு பக்கமும், குசினியில் நின்றவருக்கு 'இல்லத்தரசி' என்ற ஒரு சொல்லும் என்பதே எழுதப்படாத அளவாக இருந்தது. இது அநீதி என்று நான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

அப்படி ஒரு சொல்லோடு என் மேசைக்கு வந்த ஒரு மாமியின் குறிப்பைத் திருப்பி அனுப்பிவிட்டு, நானே அவருடைய அயல்வீடுகளுக்குச் சென்று விசாரித்தேன். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், திருவிருந்தில் ஆளுக்கொன்றாகக் கொடுக்கப்படும் சிறு கிண்ணங்களைக் கழுவித் துடைத்து அடுக்கியவர் அவரே என்பது எனக்குத் தெரியும். ஆனால் கழுவும்போது கிண்ணங்களை எண்ணி, குறைந்த தொகையைக் கொண்டு அன்று வராதவர்கள் யாரென்று மனத்தில் கணக்கிட்டு, திங்கட்கிழமை அவர்களுடைய வீடுகளுக்குப் போய்வந்தார் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. 1742ஆம் ஆண்டு பிரிஸ்டலில் ஆலயக் கடனைத் தீர்ப்பதற்காகப் பன்னிருவர் அளவிலான வகுப்புகள் அமைக்கப்பட்டு, வாரம் ஒரு பென்னி சேர்க்க வீடு வீடாகச் சென்ற வகுப்புத் தலைவர்கள், அந்தச் சாக்கிலேயே ஒவ்வொருவரின் சுகதுக்கத்தையும் அறிந்துகொண்டார்கள். மெதடிஸ்த இயக்கத்தின் அடித்தளமான அந்த ஏற்பாட்டை, எந்தப் பதவியும் இல்லாத ஒரு பெண் கிண்ணங்களின் துணையோடு எங்கள் ஊரில் நடத்தியிருக்கிறார். அடக்க ஆராதனையில் இது வாசிக்கப்பட்டபோது, அவருடைய பிள்ளைகளே ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்கு மிகக் கடினமாக இருந்தது 'அடக்கம் செய்த நாள்' என்ற நிரல். எங்கள் திருச்சபையின் இலங்கைக் கதையே கல்லறை இல்லாத மரணங்களோடுதான் தொடங்குகிறது. இலங்கைக்கு மிஷனரிமாரை அழைத்து வந்த தோமஸ் கோக் 1814 மே 3ஆம் திகதி கப்பலிலேயே இறந்து இந்து சமுத்திரத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அதே பயணத்தில், மிஷனரிமாருள் ஒருவரான வில்லியம் ஓல்ட்டின் மனைவியும் கோக்குக்கு முன்னரே கடலில் இறந்துபோனார். மற்றவர்களில் பெரும்பாலோர் ஜூன் 29ஆம் திகதி காலியில் கரையிறங்க, ஓல்ட் தனியராக மட்டக்களப்புக்கு வந்து பாடசாலைகளைத் தொடங்கி, ஓராண்டு நிறையுமுன் 1815 ஏப்ரலில் இங்கேயே மரித்தார். மட்டக்களப்பில் அவருக்குச் சிலை உண்டு. அவருடைய மனைவியை நினைப்பவர்கள் மிகக் குறைவு. சகல பரிசுத்தவான்களின் ஆராதனைக்குப் பட்டியல் எழுதத் தொடங்கும் ஒவ்வொரு தடவையும் நான் முதலில் அவரை நினைத்துக்கொள்வேன்.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு அந்த நிரல் மீண்டும் என் முன் நின்றது. கடல் கொண்டுபோன சிலரின் உடல்கள் கிடைக்கவில்லை. உடல் இல்லாமல் அடக்கப் பதிவு எழுதலாமா என்று சபைக்குப் பொறுப்பான முகாமைக்குருவிடம் கேட்டேன். அவர் சற்று நேரம் யோசித்து, பெயரை எழுதும்படியும் நாளுக்குரிய இடத்தை வெறுமையாக விடும்படியும் சொன்னார். அந்தப் பக்கங்களில் இன்றும் அந்த இடங்கள் வெறுமையாகவே உள்ளன.

ஆனால் கடலில் போனவர்களின் மரணத்தை வீட்டார் அறிந்திருந்தார்கள். 1990இல் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீடுகளில் அந்த அறிவும் இல்லை. அவ்வாண்டு மட்டக்களப்பில் கூட்டிச் செல்லப்பட்டுத் திரும்பாதவர்கள் பலர். எங்கள் சபையைச் சேர்ந்த பத்தொன்பது வயது இளைஞர் ஒருவரும் அவர்களுள் அடங்குவார். பல ஆண்டுகள் சென்றபின், நல்லெண்ணத்தோடுதான், அவருடைய பெயரையும் நவம்பர்ப் பட்டியலில் சேர்க்கட்டுமா என்று தாயாரிடம் கேட்கப் போனேன். அவர் எனக்குத் தேநீர் தந்தார். பிறகு, "மனே, அவன்ட பேர வாசிக்கிறதெண்டா அவன் எங்க கிடக்கிறானெண்டு எனக்குச் சொல்லிப்போட்டு வாசி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. என்னால் சொல்லக்கூடியது எதுவும் இருக்கவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன். அவர் உயிரோடு இருந்தவரை அந்தப் பெயர் எந்தப் பட்டியலிலும் வரவில்லை.

நான் ஓய்வுபெறுவதற்கு முந்திய ஆண்டில் அந்த அம்மா இறந்தார். அறிவித்தலையும் வாழ்க்கைக் குறிப்பையும் எழுதுவதற்கு அவருடைய இளைய மகன் என்னிடம் வந்தார். நம்முடைய மரண அறிவித்தலில் உறவுமுறைகளைச் சொல்லும்போது, உயிரோடு இல்லாதவர்களின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்ற சொல்லை இடுவது வழமை. அன்னாரின் பெற்றோருக்கும் கணவருக்கும் அதை எழுதினேன். பிள்ளைகளின் பெயர்களுக்கு வந்ததும் பேனையை வைத்துவிட்டேன். அண்ணன் இருந்தால் நாற்பதைக் கடந்திருப்பார், இனியாவது அந்தச் சொல்லைப் போடலாம்தானே என்று மகன் மெல்லிய குரலில் கேட்டார். நான் அவரிடம் அந்தத் தேநீர் வேளையைப் பற்றிச் சொன்னேன். பின்னர் மூன்று பிள்ளைகளின் பெயர்களையும் பிறந்த ஒழுங்கில், எந்த அடைமொழியும் இல்லாமல், 'ஆகியோரின் பாசமிகு தாயாரும்' என்று ஒரே வரியில் எழுதித் தாளை அவர் பக்கம் திருப்பினேன். அவர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, அப்படியே அச்சகத்துக்குக் கொண்டுபோனார்.