சத்தம் வராத பியானோ

மார்ச் 3, திங்கள்

குரல்நாண் ஆறும் வரை பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிசுகிசுக்கவும் கூடாது, அது பேசுவதைவிடக் கெடுதலாம். செருமக் கூடாது. செருமாமல் இருப்பதுதான் கஷ்டம். வேண்டாம் என்று சொன்ன நிமிஷத்திலிருந்து தொண்டையில் ஏதோ உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

மார்ச் 4, செவ்வாய்

மகள் வெள்ளைப் பலகையும் பேனாவும் வாங்கி வந்தாள். அத்தைக்குக் கண்ணாடி போட்டும் என் எழுத்து புரியவில்லை. "என்னம்மா கிறுக்கியிருக்க, வாயைத் திறந்து சொல்லேன்" என்று கேட்டுவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். பாவம். உப்பு போதாது என்பதை எழுதிக் காட்டுவதற்குள் சாப்பாடே முடிந்துவிடுகிறது.

மார்ச் 6, வியாழன்

மதியம் முழுக்க ஒரே காணொளி. அஜர்பைஜானின் பாக்கூ, 2012 மே, யூரோவிஷன் என்கிற ஐரோப்பியப் பாட்டுப் போட்டி மேடை. போஸ்னியாவுக்காக மாயா சர் பியானோ முன்னால் உட்கார்ந்து பாடுகிறார். மகள் எட்டிப் பார்த்து, "மாயா சாரா? எந்த ஸ்கூல்ல?" என்றாள். சிரிக்கக்கூட முடியவில்லை. சிரிப்பிலும் சத்தம் இருக்கிறதே.

மாயா போஸ்னியாவின் டூஸ்லா ஊர்க்காரர், 1981இல் பிறந்தவர். 'கோராகே தி ஸ்நாம்' அவரே எழுதி அவரே இசையமைத்த பாட்டு. அதற்கு முந்தின வருஷம் ஜெர்மனியின் டூசல்டார்ஃபில் போஸ்னியாவுக்காக டினோ மெர்லின் பாடியபோது பின்னால் இருந்த குழுவில் இவரும் ஒருவர். அவர்கள் ஆறாவது இடம் வந்தார்கள். மறு வருஷமே நடுமேடைக்கு வந்துவிட்டார். இந்த ஒரு வருஷத்தைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். பின்பாட்டுக்காரிகள் பெரும்பாலும் பின்பாட்டோடு நின்றுவிடுகிறார்கள். நானும் அப்படித்தான், புகாரொன்றும் இல்லை.

கிடைத்தது 55 புள்ளி, 26 பேரில் 18ஆவது இடம். அதே இரவில் ரஷ்யப் பாட்டிகள் மேடையில் அடுப்பு வைத்து ரொட்டி சுட்டு இரண்டாம் இடத்தைத் தட்டிக்கொண்டு போனார்கள். ஸ்வீடனின் லொரீன் ஜெயித்தார். போட்டி என்றால் அப்படித்தான்.

நான் எழுத உட்கார்ந்தது இதற்கில்லை. அந்த மேடையில் வாத்தியங்களுக்குச் சத்தம் கிடையாது. 1998 வரை வாத்தியக் குழு நேரடியாக வாசித்தது. 1999 முதல் இசையெல்லாம் முன்பே பதிந்து வைத்ததுதான். அந்த நாளில் பாடகரின் குரல் மட்டும் நேரடியாக வர வேண்டும் என்பது விதி. ஆக, அவர் அமுக்கும் அந்தக் கட்டைகளிலிருந்து நமக்கு எதுவும் வருவதில்லை. படித்துத் தேர்ந்த கை. அது ஓடுகிறது, சரியான இடத்தில் விழுகிறது, ஆனால் ஊமை. உண்மையாக வேலை செய்வது தொண்டை மட்டும்.

எனக்கு இப்போது நேர் எதிர்.

மார்ச் 7, வெள்ளி

ஆவி பிடித்தேன். காலை, மாலை.

மார்ச் 8, சனி

நேற்று ராத்திரி தூக்கத்தில் பேசினேனாம். இவர் காலையில் காபியோடு சேர்த்துச் சாதாரணமாகச் சொல்கிறார். என்ன பேசினேன்? தெரியாதாம். எவ்வளவு நேரம்? கொஞ்ச நேரம்தானாம். பலகையில் பெரிதாக எழுதினேன்: "குரல் எப்படி இருந்தது? கரகரப்பா, தெளிவா?" தலையைச் சொறிந்துகொண்டு, "தூக்கக் கலக்கத்துல கவனிக்கலம்மா" என்கிறார்.

அந்தக் குரல் இப்போது எப்படி இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் இவர். இவருக்கு ஞாபகம் இல்லை!

தூக்கத்தில் பேசுவது கணக்கில் சேருமா? சேரும் என்றால் அதை எப்படி நிறுத்துவது? வாயில் துணி கட்டிக்கொள்ளவா? ஆறாத இடத்தில் நாண்கள் மோதினால் தழும்பு விழும் என்று அவர்களே சொன்னார்கள். தழும்பு விழுந்தால் அந்த இடம் அதிராதாம். ஐந்தரைக் கட்டையில் பாடியவள் நாலரைக்கு இறங்கினால்கூடப் பரவாயில்லை. பாட்டை இறக்கிக்கொள்ளலாம், ஆள் இருக்கிறாள். ஆனால் அதிராவிட்டால்? காற்று மட்டும் வந்தால்?

போனில் பதிவு போட்டுத் தலைமாட்டில் வைத்துவிட்டுத்தான் இன்று படுக்கப் போகிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

பதிவு முழுவதும் இவருடைய குறட்டை.

மார்ச் 10, திங்கள்

அமிரா மெடுனியானின், செவ்தலிங்கா பாடகி. போஸ்னியத் தலைநகர் சரயேவோவில் 1972இல் பிறந்தவர். இவரை இத்தனை வருஷம் அரைகுறையாகத்தான் கேட்டிருக்கிறேன், சமையல் செய்துகொண்டே. இன்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

செவ்தலிங்கா, சுருக்கமாகச் செவ்தா, ஊர்ப்புறப் பாட்டில்லை, போஸ்னிய நகரத்துப் பாட்டு. வீட்டு முற்றம், ஜன்னல், பார்க்கக் கிடைக்காத காதலன், இறந்துபோனவள். தாளக்கட்டில்லாமல், நம் விருத்தம் போல நீட்டிப் பாடுவதும் உண்டு. ஆதியில் சாஸ் என்கிற தந்தி வாத்தியம் துணை. 1878இல் ஆஸ்திரிய-ஹங்கேரிய ஆட்சி வந்தது, கூடவே அக்கார்டியனும் வந்தது. பிறகு வானொலிக் காலத்தில் அக்கார்டியன் இல்லாமல் இந்தப் பாட்டே இல்லை என்றாகிவிட்டது. அமிரா முதலில் மோஸ்தார் செவ்தா ரீயூனியன் குழுவோடு பாடினார். அப்புறம் தனியாக 'ரோசா', அதன் பின் மெரிமா க்ளுச்சோவின் அக்கார்டியனோடு ஒரு தொகுப்பு. 2011இல் வந்தது 'அமுலெட்'. அதில் பியானோ போயான் சுல்ஃபிகார்பஷிச். பெல்கிரேடில் பிறந்து பாரிஸில் குடியேறிய ஜாஸ்காரர். பெயர் நீளம் என்று எல்லாரும் போயான் ஸெட் என்கிறார்கள்.

இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டால் வித்தியாசம் உடம்பில் தெரிகிறது. அக்கார்டியனுக்குத் துருத்தி இருக்கிறது. பாடுகிறவள் மூச்சு வாங்கும்போது அது ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும், விழ விடாது. பியானோ அப்படியில்லை. அடித்த கணத்திலிருந்து ஸ்வரம் செத்துக்கொண்டே போகிறது. இந்த மனிதர் அதை மறைக்கப் பார்ப்பதில்லை. அடித்துவிட்டுக் காத்திருக்கிறார். அந்த இடைவெளியில் அமிரா தனியாக நிற்க வேண்டும், நிற்கிறார். எனக்குத் தொண்டை இறுகிவிட்டது. பாட்டுக் கேட்கும்போது குரல்நாண் தானாகவே கூடச் சேர்ந்து அசையுமாமே? அப்படியென்றால் கேட்பதும் தப்பா?

மார்ச் 11, செவ்வாய்

கேட்கலாமாம். செய்தி அனுப்பிக் கேட்டேன். "கேளுங்க, கூடப் பாடாதீங்க" என்று பதில்.

மார்ச் 12, புதன்

மகள் பள்ளிக்குப் போனதும் அவளுடைய கீபோர்டை எடுத்தேன். அத்தை தூங்கிக்கொண்டிருந்ததால் ஹெட்போன் மாட்டிக்கொண்டேன். ஸ, சின்ன ரி, பெரிய க, சுத்த மத்யமம், ப, சின்ன த, சின்ன நி. வகுளாபரணம் ராகம். போஸ்னியாவில் இதை ஹிஜாஸ் என்பார்கள். செவ்தாவில் அடிக்கடி வரும் நிறம் இது. ரியிலிருந்து கவுக்கு ஒரு தாண்டல் இருக்கிறதே, அதில்தான் எல்லாம். கீபோர்டில் இரண்டு கட்டை, நடுவே ஒன்றுமில்லை. தொண்டைக்கு அந்த நடுவில் எத்தனை இடம் இருக்கிறது! ஹார்மோனியத்தின் மேல் நம் பெரியவர்களுக்கு இருந்த கோபமும் இதுதான். அகில இந்திய வானொலி 1940இல் அதை விலக்கி வைத்து, 1971 வரை உள்ளே விடவில்லை.

போயான் ஸெட் இதை எப்படிச் சமாளிக்கிறார் என்று தேடிக்கொண்டிருந்தேன். பியானோவில் இல்லாததை அவர் வாசிக்க முயலுவதே இல்லை என்று தோன்றுகிறது. அதைப் பாடகிக்கு விட்டுவிடுகிறார். எனக்கு வாசித்த ஹார்மோனியக்காரர்கள் எல்லாரும் நான் பாடியதையே பின்னால் துரத்தி வாசித்தவர்கள். நல்லவர்கள்தான்.

அத்தை எழுந்து வந்து பின்னால் நின்றிருக்கிறார், எனக்குத் தெரியவில்லை. "டொக்கு டொக்குன்னு என்னம்மா சத்தம், கதவை யாரோ தட்டுறாங்கன்னு நெனச்சேன்" என்றார். வெளியே கேட்டது வெறும் கட்டைச் சத்தம் மட்டும். பாக்கூவில் முன்வரிசையில் இருந்தவர்களுக்கு இதுகூடக் கேட்டிருக்காது.

மார்ச் 13, வியாழன்

இன்று எதையும் கேட்கவில்லை. பலகையை ஒளித்து வைத்துவிட்டேன். யாரும் எதுவும் கேட்க வேண்டாம்.

மார்ச் 15, சனி

குழுவிலிருந்து போன். இவர் எடுத்துப் பேசினார். ஏப்ரல் கல்யாணத்துக்கு வேறு ஆளைப் போட்டுக்கொள்ளட்டுமா என்று மரியாதையாகக் கேட்டார்கள். "அவங்களுக்கு நல்லாயிடுச்சுன்னா திரும்ப வந்துடுவாங்க" என்று இவர் சொன்னது, இவர் நினைத்ததைவிட மெதுவாகத்தான் வந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அமிராவைப் பற்றி எழுதுகிற முக்கால்வாசிப் பேர் ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயை இழுக்கிறார்கள். எதற்கு? ஒரு பெண் செவ்தாவை ஜாஸ் பியானோவோடு பாடினால் உடனே அமெரிக்கப் பெயர் ஒன்று தேவைப்படுகிறது. 2018இல் நார்வேயின் ட்ரோண்ட்ஹைம் தந்திக் குழுவோடும் பாடினாரே, அப்போது யார் பெயரை ஒட்டுவார்கள்? என்னைக் கேட்பார்கள், "நீங்க சினிமாவா, கிராமியமா, கர்நாடகமா" என்று. கூப்பிட்ட இடத்தில் பாடுகிறவளுக்கு இதற்கு என்ன பதில். சரயேவோவில் 1967 முதல் பாப் பாட்டுக்கென்று தனி விழாவே நடந்தது. இன்னொரு பக்கம் வானொலியில் செவ்தா. நடுவில் கோடு போட்டவர்கள் போட்டுக்கொண்டிருக்க, பாடுகிறவர்கள் தாண்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

ஹிம்சோ பொலோவினா அதைவிடப் பெரிய தாண்டல். மோஸ்தாரில் 1927இல் பிறந்தவர், நரம்பு-மனநல மருத்துவர், அதோடு செவ்தாவின் மிகப் பெரிய குரல்களில் ஒன்று. பகலில் நோயாளிகள், பிறகு ஒலிப்பதிவு. என் தொண்டைக்குள் கேமராவை விட்டவரும் மெல்ல ஏதோ முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தார். சுருதி சேரவில்லை. வாய் முழுக்கக் கருவி இருந்ததால் சொல்ல முடியவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

யாட்ராங்கா ஸ்டோயகோவிச் பக்கம் போகக் கூடாது என்றுதான் இருந்தேன்.

சரயேவோவில் 1950இல் பிறந்தவர். கிட்டார், சாஸ், சொந்தப் பாட்டு. பாப்பும் உண்டு, நாட்டுப் பாடலின் வாடையும் உண்டு. 'ஸ்வே ஸ்மோ மோக்லி மி' ஊரே பாடிய பாட்டு. தாழ்ந்த குரல், எதையும் வற்புறுத்தாது. 1988இல் ஜப்பானுக்குப் பாடப் போனார். 1992இல் போஸ்னியாவில் போர் மூண்டது. சரயேவோ 1,425 நாள் முற்றுகையில் கிடந்தது. போனவர் இருபது வருஷத்துக்கும் மேல் ஜப்பானிலேயே இருந்துவிட்டார். கடைசியில் திரும்பியது சரயேவோவுக்கில்லை, போஸ்னியாவின் இன்னொரு நகரமான பான்யா லூகாவுக்கு. தசைகளை ஒவ்வொன்றாக வசமிழக்கச் செய்யும் நோய். 2016 மே மாதம் இறந்தார்.

கை, குரல், மூச்சு. இந்த வரிசையிலா, வேறு வரிசையிலா, எது முதலில் போனது? ஏன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கே புரியவில்லை. இவர் விளக்கை அணைக்கச் சொல்கிறார்.

மார்ச் 17, திங்கள்

'ஷ்டோ தே நேமா' மட்டும் இன்று. நீ ஏன் இல்லை என்று கேட்கிற பாட்டு. வரிகள் மோஸ்தார்க் கவிஞர் அலெக்ஸா ஷாந்திச்சுடையவை, மெட்டு யாட்ராங்கா போட்டது. அதே பெயரில் ஐடா ஷெஹோவிச் என்ற கலைஞர் 2006 முதல் ஒவ்வொரு ஜூலையிலும் ஒரு நகரத்துச் சதுக்கத்தில் சின்னச் சின்னக் காபிக் கிண்ணங்களை வைத்துவந்தார். அந்தப் போரில், 1995 ஜூலையில், ஸ்ரெப்ரெனிட்சா ஊரில் கொத்தாகக் கொல்லப்பட்டவர்களுக்காக. போகிற வருகிறவர்கள் காபி ஊற்றுவார்கள், யாரும் குடிக்க மாட்டார்கள். 2020இல் அவர்களுடைய நினைவிடம் இருக்கும் பொட்டோசாரிக்கே கொண்டுபோய் 8,372க்கும் மேற்பட்ட கிண்ணங்களை வைத்தார்கள்.

இன்று என் தொண்டையைப் பற்றி எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் வலது பக்கம் லேசாக எரிகிறது.

மார்ச் 19, புதன்

உறிஞ்சுகுழாய்ப் பயிற்சி தொடங்கலாம் என்று சொல்லிவிட்டார்கள்! டம்ளரில் பாதித் தண்ணீர், குழாயை உள்ளே விட்டு, 'ஊ' என்று ஊத வேண்டும். குமிழி சீராக வர வேண்டும். பாட்டில்லை, சுருதியில்லை, வெறும் ஊ.

வந்தது. குமிழிச் சத்தத்துக்குள் ஏதோ ஒன்று இருந்தது. என் குரலா, தண்ணீரா என்று பிரிக்க முடியவில்லை. அத்தை சமையலறையிலிருந்து, "பால் பொங்குதா பாரும்மா" என்று கத்தினார்.

மார்ச் 20, வியாழன்

மறுபடி ஊதினேன். மகள் போனில் சுருதி காட்டும் செயலியைத் திறந்து பக்கத்தில் பிடித்தாள். முள் நிற்கவே இல்லை, இரண்டு ஸ்வரத்துக்கு நடுவில் ஆடிக்கொண்டிருந்தது. "கீபோர்டுல இல்லாத நோட்டும்மா" என்கிறாள், பெரிய கண்டுபிடிப்பு மாதிரி.

2024 டிசம்பரில் யுனெஸ்கோ செவ்தலிங்காவைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது அங்கே யார் யார் பாடினார்கள் என்று தேட வேண்டும். மாயா சருடைய வேறு பாட்டுகளும். போஸ்னியா யூரோவிஷனுக்குக் கடைசியாகப் போனது 2016இல், அதன் பிறகு ஒளிபரப்பு நிறுவனத்தின் கடன் பிரச்சினையில் போகவே இல்லை. அங்கே இன்னொரு பின்பாட்டுக்காரி காத்துக்கொண்டிருந்தால் அவள் என்ன செய்வாள்?

மார்ச் 22, சனி

திங்கட்கிழமை பதினொன்றரைக்கு மறுபடி கேமரா. 'ஈ' என்று நீட்டிச் சொல்லச் சொல்வார்கள். எந்தக் கட்டையில் சொல்வது என்று இவரிடம் எழுதிக் கேட்டேன். "டாக்டர்கிட்ட கேளு" என்கிறார். கீபோர்டில் பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்றால் அடாப்டரைக் காணோம். மகளிடம் கேட்டால் அப்பா எடுத்தார் என்கிறாள்.