பால் சேம்பர்ஸைப் பின்தொடர்ந்து: என் ஜாஸ் சேகரிப்பு இதுவரை

ஜாஸ் கேட்கத் தொடங்குகிறவர்களுக்குப் பட்டியல்களுக்குப் பஞ்சமே இல்லை. எனக்கு அவை ஒத்துவரவில்லை. கச்சேரி என்றால் பக்கவாத்தியம் யார் என்று பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. அதையே இங்கேயும் வைத்துக்கொண்டேன். பால் சேம்பர்ஸ் என்ற டபுள் பேஸ் (ஆளுயரத்துக்கு நிற்கும், கீழ் சுருதியில் ஒலிக்கும் தந்தி வாத்தியம்; சுருக்கமாக பேஸ்) கலைஞரைப் பிடித்துக்கொண்டு, அவர் வாசித்த இசைத்தட்டுகளாகச் சேர்த்து வருகிறேன்.

முதலில் வாங்கியது டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. 1959 மார்ச்சில் ஒரு நாள், ஏப்ரலில் ஒரு நாள், நியூயார்க்கில் பதிவானது. அதன் முதல் பாட்டான 'சோ வாட்'டில் மெட்டைச் சொல்வதே பேஸ்தான். மற்ற வாத்தியங்கள் இரண்டிரண்டு ஒலியில் அதற்குப் பதில் சொல்கின்றன. போன் ஸ்பீக்கரில் கேட்டால் கேள்வி காணாமல் போய்விடும், பதில் மட்டும் கேட்கும். அதனால் தட்டுகளுக்கு முன்னால் ஒரு நல்ல ஹெட்போனுக்குச் செலவு செய்யுங்கள் என்பேன். இன்னொன்று: பழைய எல்பியில் முதல் பக்கம் சற்றே சுருதி ஏறி ஒலிக்கும். பதிவின்போது டேப் இயந்திரம் மெதுவாக ஓடியதுதான் காரணம். 1990களில் வந்த மறுபதிப்புகளில் சரிசெய்துவிட்டார்கள். கூடவே வாசித்துப் பழக நினைப்பவர்கள் அதற்குப் பிந்தைய பதிப்பையே வாங்குவது நல்லது.

அப்புறம் 'ப்ளூ ட்ரெயின்'. சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1957இல் செய்தது. நியூஜெர்சியில் ரூடி வான் கெல்டர் என்ற ஒலிப்பதிவாளர் தன் பெற்றோர் வீட்டு வரவேற்பறையையே ஸ்டுடியோவாக வைத்திருந்தார். இது அங்கே பதிவானது. அதே ஆண்டு சேம்பர்ஸ் தன் பெயரிலேயே வெளியிட்ட 'பேஸ் ஆன் டாப்'பில் முதல் பாட்டை வில் போட்டு வாசிக்கிறார். பேஸ் முன்னால் வந்து உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள அது ஒன்று போதும்.

என்னை அதிகம் பிடித்து வைத்திருப்பது கோல்ட்ரேனின் 'ஜயண்ட் ஸ்டெப்ஸ்'. தலைப்புப் பாட்டின் ஓட்டத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். நான் 'நைமா'வைத்தான் திரும்பத் திரும்பப் போடுகிறேன். கோல்ட்ரேன், பியானோவில் வின்டன் கெல்லி, டிரம்ஸில் ஜிம்மி காப், சேம்பர்ஸ்: நால்வருமே 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் வாசித்தவர்கள். மேலே கார்டுகள் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்) மாறிக்கொண்டே போக, சேம்பர்ஸ் தம்பூரா மாதிரி ஒரே சுரத்தைப் பிடித்து நிற்கிறார். நடுப்பகுதியில் மட்டும் இன்னொரு சுரத்துக்குப் போய்த் திரும்புகிறார். அவ்வளவு குறைவாக வாசித்து ஒரு பாட்டையே தாங்க முடிகிறது! அதே தட்டின் கடைசிப் பாட்டு 'மிஸ்டர் பி.சி.'. சேம்பர்ஸுக்காகவே கோல்ட்ரேன் எழுதியது.

1961இல் ஆலிவர் நெல்சன் செய்த 'தி ப்ளூஸ் அண்ட் தி ஆப்ஸ்ட்ராக்ட் ட்ரூத்'தும் வந்து சேர்ந்துவிட்டது. பியானோவில் பில் எவன்ஸ், கூடவே சாக்ஸபோனில் எரிக் டால்ஃபி. இன்னும் முழுதாகப் பழகவில்லை.

சேம்பர்ஸ் 1969இல், 33 வயதிலேயே இறந்துபோனார். இந்த வழியில் மட்டும் போனால் 1950களையும் 60களையும் தாண்ட முடியாது, பாடகர்களும் குறைவு. ஆகவே இனி பின்னோக்கிப் போகிறேன். பேஸைத் தனி வாசிப்புக்கு உயர்த்தியவர்களில் முக்கியமானவர் ஜிம்மி பிளான்டன். டியூக் எலிங்டன் குழுவில் 1939 முதல் 1941 வரை இருந்து, 23 வயதில் காசநோயில் மறைந்தவர். அந்தக் காலத்துத் தட்டில் ஒரு பாட்டு மூன்று நிமிடம்தான். 1940இல் பதிவான 'ஜாக் தி பேர்'இலிருந்து தொடங்கப் போகிறேன், பிளான்டனின் பேஸ் அதில் முன்னால் நிற்கிறது.