மாமா கடை செக்கு எண்ணெய்க்கு வீடியோ எடுத்த கதை

போன வருஷம் ஆனி கடைசில மாமா போன் பண்ணி "மாப்ள, நம்ம செக்குக்கு ஒரு வீடியோ எடுக்கோணும், நீதான் கம்ப்யூட்டர்ல வேலை பாக்கறயே"ன்னாரு. நான் பாக்கறது பில்லிங் சாஃப்ட்வேர் சப்போர்ட்டு. வீடியோவுக்கும் எனக்கும் இருந்த ஒரே சம்பந்தம் தங்கச்சி கல்யாண ஆல்பத்துக்கு போட்டோ பொறுக்கி குடுத்ததுதான், ஆனா அதையெல்லாம் மாமாகிட்ட சொல்லி தப்பிக்க முடியாது.

மாமாவுக்கு காங்கேயம் பக்கத்துல ரோட்டோரமா ஒரு மரச்செக்கு கடை. ரெண்டு செக்கு, ரெண்டும் மோட்டார்ல ஓடறது, உரலும் உலக்கையும் வாகை மரம். கடலெண்ணெய், நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் மூணும் அங்கேயே ஆட்டி அங்கேயே விக்கறாங்க.

இதுக்கு முன்னாடியே ஒரு வீடியோ இருந்துச்சு. கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கற ஒருத்தர்கிட்ட 15,000 ரூபா குடுத்து எடுத்தது. 2 நிமிஷம் 40 செகண்ட். மொதல்ல ட்ரோன்ல கடையோட ஓட்டு கூரை, அப்புறம் மாமா கையக் கட்டிட்டு ஸ்லோ மோஷன்ல கேமராவ பாத்து நடந்து வர்றாரு, அப்புறம் கடலையக் கையில அள்ளி மேல இருந்து கொட்டறாரு, மறுபடி ட்ரோன். மாப்பிள்ளை அழைப்பு மாதிரியே இருக்கும். பின்னாடி ஒரு சினிமா பாட்டு வேற, ஏத்தின மறுநாளே காப்பிரைட்டுன்னு சத்தத்த கட் பண்ணிட்டாங்க, அதனால மாமா இப்ப ஊமையா நடந்து வர்றாரு. கொடுமை என்னன்னா அதப் பாத்து போன் பண்ணவங்க எல்லாருமே கேட்டது ரெண்டே கேள்விதான், லிட்டர் எவ்வளவு, கடை எங்க. ரெண்டுமே வீடியோல இல்ல.

அதனால நான் போனதும் கேமராவ எடுக்கல. சனிக்கிழமை காலைல இருந்து கல்லாவுக்கு பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து வர்றவங்க என்ன கேக்கறாங்கன்னு பில்லு அட்டைக்கு பின்னாடி எழுதிட்டே இருந்தேன். அத்தை "ஏஞ்சாமி வேலை பாக்க வந்தியா வேடிக்கை பாக்க வந்தியா"ன்னு கேட்டாங்க. மத்தியானம் வரைக்கும் எழுதினதுல பாதிக்கு மேல ஒரே கேள்விதான், வேற வேற மாதிரி கேட்டது. "ஏனுங்க, மளிகைக் கடைல பாக்கெட்டு 180க்கு தர்றான், நீங்க 310 சொல்றீங்க?"

மாமா ஒவ்வொருத்தருக்கும் சலிக்காம அதே பதில சொன்னாரு. 1 லிட்டர் கடலெண்ணெய்க்கு ஏறக்குறைய ரெண்டரை கிலோ பருப்பு வேணும். அன்னைக்கு நிலக்கடலைப் பருப்பு கிலோ 115, ஆக பருப்பு மட்டுமே 287 ரூபா. மிச்சம் வர்ற புண்ணாக்கு ஒன்னே கால் கிலோவுக்கு மேல, அத மாட்டுக்காரங்க வாங்கிக்குவாங்க, அதுல ஒரு 60 ரூபா திரும்பி வரும். மேல கரண்டு, ஆள் கூலி, பாட்டிலு. "இதுல நான் எங்கீங்க கோட்டை கட்டறது"ன்னு சிரிச்சுட்டே முடிப்பாரு. கேட்டவங்கள்ல பாதிப் பேரு 1 லிட்டராவது வாங்கிட்டுத்தான் போனாங்க. இதத்தான் எடுக்கணும்னு அங்கேயே முடிவு பண்ணிட்டேன், ட்ரோனும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம்.

மாமாவுக்கு திருப்தி இல்ல. இந்த எண்ணெய் சாப்ட்டா நெஞ்சு வலி வராது, சுகர் குறையும்னு சொல்லோணும்னாரு. சாப்பாட்டு பொருள் விளம்பரத்துல நோய் தீரும்னு சொல்லக்கூடாதுங்க மாமா, அதுக்குன்னு 2018லயே உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டிருக்கு, பாட்டில்ல 14 இலக்க லைசென்ஸ் நம்பர அச்சடிச்சு வெச்சுட்டு இப்படி பேசினா நாமளே ஆப்புல உக்காந்த கதைதான்னு சொன்னேன். சரி, "கொழுப்பே இல்லாத எண்ணெய்"னாவது போடுன்னாரு. மாமா, எண்ணெயே கொழுப்புதான். கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

ஞாயித்துக்கிழமை ஷூட்டிங். கையில இருந்தது என்னோட போனு, 600 ரூபாய்க்கு வாங்கின ஒரு காலர் மைக்கு, அத்தை வீட்டு மர ஸ்டூலு, அவ்ளோதான். செக்கு ரூம்ல ரெண்டு பழைய ட்யூப்லைட்டு, எடுத்து பாத்தா வீடியோல மேல இருந்து கீழ கருப்பு பட்டை பட்டையா ஓடுது. போன்தான் போச்சுன்னு நெனச்சேன். அப்புறம் தேடிப் பாத்தா, நம்ம ஊரு கரண்டு 50 ஹெர்ட்ஸ், லைட்டு செகண்டுக்கு 100 தடவ மினுக்குது, ஆட்டோல விட்டா போனோட ஷட்டர், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்த உள்ள விடற நேரம், அதோட ஒத்துப் போகாது, நாமளே செட் பண்ணிக்கற ப்ரோ மோடுக்குப் போய் ஷட்டர 1/100 செகண்டுல நிறுத்தி வைக்கணும். வெச்சேன், பட்டை காணாம போச்சு. படம் கொஞ்சம் இருட்டாச்சு, அதுக்கு ஜன்னல் பக்கமிருந்து எடுத்தேன். எண்ணெய் மொதல்ல கலங்கலா, மாவு கரைச்ச மாதிரி வடிஞ்சு கேன்ல விழறதும், உலக்கை சுத்தச் சுத்த பருப்பு மாவாகி ஓரத்துல ஏறி ஏறி இறங்கறதும் கிட்ட இருந்து பாத்தா கண்ணெடுக்க முடியல. அப்புறம் வீட்டு மொட்டை மாடில வெள்ளைத் துணி கட்டி வெயில்ல தெளிய வெச்சிருந்த அண்டா, அடியில கசடு, மேல தங்கக் கலரு, அதையும் எடுத்தேன்.

சத்தம்தான் உசுர வாங்கிருச்சு. உள்ள செக்கு க்ரீச் க்ரீச்சுன்னு ஓடுது, மாமா பேசறது ஒரு வார்த்தை விளங்கல. வெளிய நிக்க வெச்சா ஆடிக் காத்து. எங்க ஊரு ஆடிக் காத்து தெரியாதவங்களுக்கு, பாலக்காட்டு கணவாய் வழியா நேரா வர்றது, சும்மாவா இந்தப் பக்கம் அத்தனை காத்தாடி நட்டு வெச்சிருக்காங்க. மைக்குக்கு பஞ்சு மாட்டி அதுக்கு மேல அத்தையோட பழைய கம்பளித் துணியச் சுத்தியும் கேக்கறப்ப லாரி போற மாதிரிதான் இருந்துச்சு. நாலு தடவை பேசி மாமா கடுப்பாகி "போதும் போ, அந்த ட்ரோன் வீடியோவே இருக்கட்டும்"னுட்டாரு.

லீவு போட்டு இன்னொரு நாள் தங்கினேன். திங்கக்கிழமை காலைல எந்திரிச்சா ஊருக்கே கரண்டு இல்ல, மாசாந்திர பராமரிப்பாம், சாயங்காலம் வரைக்கும் வராதாம். தலைல கை வெச்சு உக்காந்தவனுக்கு அப்புறம்தான் உறைச்சுது, செக்கு ஓடல, பக்கத்து பட்டறைல கிரைண்டிங் இல்ல, எங்கயும் ஒரு சத்தம் இல்ல. கடைக்கு உள்ளயே கதவப் பாதி சாத்திட்டு மாமாவ கல்லாவுல உக்கார வெச்சு, அத்தைய எதுக்க நிக்க வெச்சு, அதே கேள்விய கேக்கச் சொன்னேன். அத்தை கேட்டாங்க, "ஏனுங்க, பாக்கெட்டு 180க்கு கிடைக்குதே?" மாமா கேமராவ மறந்துட்டு, தராசுல ரெண்டரை கிலோ பருப்ப நெசமாவே நிறுத்து காமிச்சு, "இத்தனை போட்டாத்தான் இந்த ஒரு பாட்டிலு"ன்னு பாட்டில பக்கத்துல வெச்சாரு. ஒரே டேக்கு. பேசி முடிச்சு அவரு எந்திரிக்கவும் மைக்குல சார்ஜ் போகவும் சரியா இருந்துச்சு.

எடிட்டிங் போன்லயே பண்ணேன், மூணு ராத்திரி. பெருசா ஒன்னும் இல்ல, அந்த தமிழ் எழுத்துதான் படுத்துச்சு. ஆப்ல இருந்த ஃபான்டுல "கொப்பரை"ன்னு அடிச்சா கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமா பிரிஞ்சு நின்னுச்சு, நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபான்ட இறக்கி உள்ள ஏத்தினப்புறம்தான் ஒழுங்கா வந்துச்சு. சப்டைட்டில் கண்டிப்பா போடுங்க, பஸ்ல பாக்கறவங்க சத்தத்த அணைச்சுட்டுத்தான் பாக்கறாங்க. பாட்டு எதுவும் போடல, செக்கு சத்தத்தையே மெலிசா கீழ ஓட விட்டேன், காப்பிரைட்டுன்னு யாரும் வர மாட்டாங்க பாருங்க. மொத்தம் 28 செகண்டு, ஏன்னா கூகுள் மேப்ஸ்ல கடைப் பக்கத்துல ஏத்தறதுக்கு 30 செகண்டுதான் கணக்கு. கடைசி 5 செகண்டு விலை, போன் நம்பரு, எந்த ரோட்டுல எதுக்கு எதுக்க. வாட்ஸாப்புல மாமாவுக்கு அனுப்பறப்ப டாக்குமென்டா அனுப்பினேன், வீடியோவா அனுப்பினா அமுக்கி மங்கலாக்கிரும்.

இன்ஸ்டால 1,000 ரூபாய்க்கு விளம்பரம் ஓட்டினோம், மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. மொத தடவை ஏரியாவ தமிழ்நாடு பூராவும்னு வெச்சுட்டேன், பாத்தது நெறைய பேரு, கடைக்கு வந்தவங்க யாரும் இல்ல. அடுத்த தடவை கடையச் சுத்தி 25 கிலோமீட்டருன்னு குறுக்கினதும் திருப்பூர், வெள்ளகோவில் பக்கமிருந்தெல்லாம் ஆளுங்க வர ஆரம்பிச்சாங்க. ஒரு அம்மா நேரா உள்ள வந்து "அந்த ரெண்டரை கிலோ கடைங்களா இது"ன்னு கேட்டாங்களாம், மாமா அத இதுவரைக்கும் எங்கிட்ட ஆறு தடவை சொல்லிட்டாரு. சண்டை போட வந்தவரும் ஒருத்தரு இருந்தாரு, வீடியோல 310 இங்க 320ஆன்னு. பருப்பு விலை ஏறிருச்சு, வீடியோல அப்படியே நிக்குது. விலைய வீடியோக்குள்ள எழுதாம கீழ குறிப்புல போட்டிருக்கணும், நினைச்சப்ப மாத்திக்கலாம், இது என்னோட தப்பு. திரும்ப வெட்டி ஒட்டி ஏத்தினேன்.

இப்ப நல்லெண்ணெய்க்கு ஒன்னு வேணுமாம். எள்ளோட கருப்பட்டிய எதுக்கு போடறீங்க, எண்ணெய்ல சர்க்கரையான்னு கேக்கறாங்களாம். கருப்பட்டிய உடைக்கற சத்தத்துல ஆரம்பிக்கலாம்னு அத்தை ஐடியா குடுத்திருக்காங்க. அடுத்த பராமரிப்பு மின்தடை என்னைக்குன்னு மாமா லைன்மேன்கிட்ட கேட்டு வெச்சிருக்காரு.