செவலைக்குத் தண்ணி காட்டணும்

போன ஆடி மாதம் ஆயாவை நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனோம். நல்ல மனுஷன், பொறுமையாகப் பேசினார். கையில் ஒரு தாள், மொத்தம் 30 மார்க்காம். இன்றைக்கு என்ன கிழமை, இது என்ன மாதம், எத்தனையாவது மாடியில் உட்கார்ந்திருக்கிறோம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், "பாட்டி, இது எந்த மாவட்டம்?" என்றார். ஆயா கொஞ்சமும் யோசிக்காமல் "சேலம் ஜில்லா" என்றாள். அந்தக் கேள்விக்குச் சுழி போட்டார்.

எனக்கு அங்கேயே வாதாட வேண்டும்போல இருந்தது. 1965 அக்டோபர் 2 வரைக்கும் எங்கள் ஊர் சேலம் ஜில்லாதான். அன்றைக்குத் தர்மபுரி தனியாகப் பிரிந்தது, 2004 பிப்ரவரி 9 அன்று தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. காவேரிப்பட்டணத்துக்கும் போச்சம்பள்ளிக்கும் நடுவே இருக்கிற எங்கள் ஓட்டு வீடு ஒரு அடிகூட நகராமல் மூன்று மாவட்டத்தைப் பார்த்துவிட்டது. ஆயா முதல் மாவட்டத்திலேயே இறங்கிக்கொண்டாள், அவ்வளவுதான்.

மூளையில் புது விஷயத்தைப் பதிய வைக்கிற ஹிப்போகேம்பஸ் என்ற இடத்தில்தான் அல்சைமர் பெரும்பாலும் முதலில் கைவைக்கும், அதனால் நேற்று நடந்தது நிற்காது, கல்யாணத்தன்று நடந்தது நிற்கும் என்று டாக்டர் விளக்கினார். கடைசிக் கேள்விக்கு ஒரு வாக்கியம் எழுத வேண்டும். ஆயா கைநாட்டு. "சரி, ஏதாவது ஒண்ணு வாயால சொல்லுங்க பாட்டி" என்றார். ஆயா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், அப்புறம் "ஆரடிச்சு நீயழுத, அடிச்சாரச் சொல்லியழு" என்று ராகத்தோடு ஆரம்பித்தாள். மாமன் மல்லிகைப்பூச் செண்டால் அடித்தது வரைக்கும் தடுக்கல் இல்லாமல் போயிற்று. வெளியே டோக்கனோடு காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பத்து நிமிஷத்துக்கு முன்னால் கூடப்பிறந்த அண்ணன் பெயரைக் கேட்டதற்கு விழித்தவள் இவள்தான்.

என்னை அவள் கூப்பிடுகிற பெயரைச் சொல்லவில்லையே. செவலை. எங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் இருந்த உழவு மாடு. முதல் தடவை "செவலை, தண்ணி குடிச்சியா?" என்று என் முதுகைத் தடவியபோது சிரித்துவிட்டேன், ராத்திரி படுத்த பிறகுதான் தொண்டையை அடைத்தது.

இப்போது வெட்கக்கேடான விஷயத்துக்கு வருகிறேன். அந்த வருத்தத்தில் ஒரு கவிதை எழுதினேன். ஆயாவை வற்றிய ஏரி என்றேன், பனி மூடிய மலை என்றேன், எண்ணெய் தீர்ந்த அகல் என்றேன், கடைசி வரியில் அவள் என் பெயரை மறந்துவிட்டதைச் சொல்லி நிறுத்தினேன். ஒரு கூட்டத்தில் வாசித்தேன், நல்ல கைத்தட்டு, ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து சித்தியிடம் வாசித்துக் காட்டினேன். ஆயாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, ராத்திரி நாலு தரம் எழுந்து பார்ப்பது சித்திதான். புளி தட்டிக்கொண்டே முழுசாகக் கேட்டவர் சொன்னார்: "ஏரி இருக்குது, பனி இருக்குது, நீ இருக்க. எங்க அத்தை எங்கடா?"

அதற்கப்புறம்தான் மறதியைப் பற்றிய கவிதைகளை வேறு கணக்கில் படிக்க ஆரம்பித்தேன். நான் இந்தக் காலத்தில் படித்தவற்றில் பெரும்பாலும் பேசுவது மகனோ மகளோ பேரனோதான். "என்னை மறந்துவிட்டாள்" என்பதுதான் நடு மையம். மறந்தவளுக்கு அன்றைக்கு என்ன பயம், எதற்குச் சிரித்தாள், களியில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளினாளே, அதெல்லாம் எதிலும் வராது. 2023இல் வந்த ஓர் ஆய்வுப்படி இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு அல்சைமர் உள்ளிட்ட மறதி நோய் (டிமென்ஷியா) இருக்கிறது, ஏறக்குறைய 88 லட்சம் பேர். அத்தனை பேரையும் மூடுபனி என்றால் எப்படி?

ஆங்கிலக் கவிஞர் பிலிப் லார்கின் இந்த விஷயத்தில் என்னைவிட நேர்மையானவர். 'கிழட்டு முட்டாள்கள்' என்கிற மாதிரி ஒரு தலைப்பை வைத்துவிட்டு, கோபமாகவே பேசிக்கொண்டு போவார். முதுமை என்றால் தலைக்குள் விளக்கெரியும் அறைகள் இருப்பதுபோலவோ என்னவோ, உள்ளே ஆட்கள் நடமாடுகிறார்கள், தெரிந்தவர்கள்தான், பெயர்தான் பிடிபடவில்லை என்று நடுவில் ஓர் இடம் வரும். வெளியிலிருந்து எட்டிப் பார்க்கிற ஆளின் கற்பனைதான், ஆனாலும் உள்ளே விளக்கு எரிகிறது என்றாவது சொன்னாரே.

ஆனால் நான் தேடியது வேறு. மறக்கிறவரே பேசுகிற பாட்டு. அது நம்மிடமே இருந்தது.

முதலாவது புறநானூறு 243. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தபோது இளமை நிலையாமை என்று ஒரு வரியில் கடந்துபோனது. ஒரு கிழவர் பேசுகிறார். சின்ன வயதில் மணலில் பாவை செய்து பூச்சூட்டிய பெண்களோடு கைகோத்து ஆடியது, ஒளிவு மறைவு தெரியாத சேக்காளிகள், நீர்மேல் சாய்ந்த மருதக் கிளையில் ஏறியது, கரையில் நின்றவர்கள் மிரள "நெடுநீர்க் குட்டத்துத் துடுமெனப் பாய்ந்து, குளித்துமணற் கொண்ட கல்லா இளமை." ஆழத்தைத் தொட்டேன் என்பதற்குச் சாட்சியாக அடிமணலை அள்ளிக்கொண்டு மேலே வருகிற பையன். தென்பெண்ணையில் தண்ணீர் ஓடிய காலத்தில் நாங்களும் அதைச் செய்திருக்கிறோம், கை நிறைய மணல் இல்லாமல் மேலே வந்தால் எவனும் நம்பமாட்டான்.

இளமைக்கு இத்தனை வரி. இன்றைய நிலைமைக்கு எத்தனை? பூண் போட்ட தடி, நடுக்கம், "இருமிடை மிடைந்த சிலசொல்." இருமலுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு வருகிற சில வார்த்தைகள். அவ்வளவுதான். பழசு துல்லியமாக, ஈரத்தோடு நிற்கிறது, பக்கத்தில் இருப்பது மங்கல். புதிது முன்னால் அழியும், பழசு பின்னால் அழியும் என்று ரிபோ என்ற பிரெஞ்சு உளவியல்காரர் 1881இல் எழுதிவைத்தார், நம் கிழவர் அதைப் பாட்டின் அளவிலேயே காட்டிவிட்டார். இதில் இன்னொரு கூத்து, அவர் பெயரே நமக்குத் தெரியாது. பாட்டில் வரும் தடியை வைத்துத் தொடித்தலை விழுத்தண்டினார் என்கிறோம். பெயர் போய்த் தடி நின்றுவிட்டது.

இதைப் படித்த பிறகுதான் செவலையைப் பற்றிச் சித்தியிடம் ஒழுங்காக விசாரித்தேன். மழை பொய்த்த ஒரு வருஷம் தாத்தா அந்த மாட்டைப் போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு ஓட்டிப்போய் விற்றுவிட்டார். ஆயாவிடம் கேட்கவில்லை. அவள் இரண்டு நாள் அடுப்புப் பற்றவைக்கவில்லையாம். நான் பேரன் பெயர் போய்விட்டதே என்று புலம்பிக்கொண்டிருந்தேன், அவளோ குட்டத்தில் பாய்ந்து அடியிலிருந்து மணலை அள்ளிக்கொண்டு வந்து என் கையில் வைத்திருக்கிறாள். சில நாள் நான் செவலை. சில நாள் செவலையைச் சந்தைக்கு ஓட்டிப்போன ஆள். அன்றைக்கெல்லாம் வசவு தாங்காது.

பெயர் போனால் சொல்லே போய்விட்டது என்றும் அர்த்தமில்லை. அமெரிக்கக் கவிஞர் எமர்சனுக்குக் கடைசி வருஷங்களில் ஞாபகம் தப்பியது. குடையின் பெயர் வாயில் வராமல், பெயர் தெரியாது, வரலாறு தெரியும், வந்துபோகிறவர்கள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்றாராம். எங்கள் ஆயாவுக்கு செல்போன் என்ற சொல் போய்விட்டது. "காதுல வெச்சிக்கினு திட்றது" என்கிறாள். சித்தப்பா போன் பேசுவதைப் பார்த்தவர்களுக்கு இதைவிடச் சரியான பெயர் கிடைக்காது.

இரண்டாவது பெரியாழ்வார். அரங்கனைப் பார்த்துச் சொல்கிறார்: "எய்ப்பு என்னை வந்து நலியும்போது அங்கு ஏதும் நான் உன்னை நினைக்கமாட்டேன், அப்போதைக்கு இப்போதே சொல்லிவைத்தேன்." உயிர் போகும் நேரத்தைச் சொல்கிறார் என்றுதான் உரைகள் கொள்கின்றன, நான் மறுக்கவில்லை. ஆனால் எய்ப்பு என்றால் தளர்ச்சி, இளைப்பு. எங்கள் வீட்டில் அந்த எய்ப்பு மூன்று வருஷமாக நடுக்கூடத்தில் கட்டில் போட்டு உட்கார்ந்திருக்கிறது. நினைக்க மாட்டேன் என்று இவ்வளவு தெளிவாக, அழுகை இல்லாமல், முன்பணம் கட்டுகிறவர் மாதிரி ஒருவர் சொல்லிவைத்திருக்கிறார். சந்தையில் கேட்கிற பேச்சு மாதிரியே இருக்கிறது: அப்போது என்னால் வர முடியாது, இப்பவே வாங்கி வைத்துக்கொள்.

சுந்தரர் இன்னும் ஒரு படி இறங்கிப் போகிறார். கொடுமுடியில் பாடியது. "நற்றவா உனை நான் மறக்கினும் சொல்லும் நா நமச்சிவாயவே." நான் மறந்தால் என்ன, நாக்கு சொல்லும். அப்பர் திருவதிகையில் "தமிழோடு இசைபாடல் மறந்தறியேன்" என்று அடித்துச் சொன்னவர். அப்பருக்கு எண்பத்தொன்று, சுந்தரர்க்கு மூவாறு என்று வயதுக் கணக்குச் சொல்லும் பழைய வெண்பா ஒன்று உண்டு. எண்பத்தொன்று கண்டவர் மறந்ததே இல்லை என்கிறார், பதினெட்டு வயதுப் பையன் மறந்தாலும் மறப்பேன் என்று ஒப்புக்கொள்கிறான். எனக்குப் பையன் பக்கம்தான் சாய்வு. டாக்டர் அறையில் ஆயாவின் நாக்கு என்ன செய்தது என்று நான்தான் பார்த்தேனே. பாட்டு போகிற தடம் வேறு, பெயர் போகிற தடம் வேறு. சின்ன வயதிலிருந்து ஆயிரம் முறை பாடியது நோய் முற்றிய பிறகும் பலருக்கு நிற்கிறது. அவளுடைய கையும் அப்படித்தான். மாசி பங்குனியில் புளி உலுக்கிக் கொண்டுவந்து திண்ணையில் குவித்தால், ஓட்டை உடைத்து, நாரை உரித்து, சுத்தியால் ஒரே தட்டில் கொட்டையைப் பிதுக்கி எடுப்பதில் இப்போதும் சித்தியால் அவளுக்கு ஈடு கொடுக்க முடியவில்லை. எதற்குத் தட்டுகிறோம் என்று கேட்டால் தெரியாது.

இந்தப் பக்கத்து ஆள் என்ற முறையில் ஒளவையை விட்டுவிட்டுப் போக முடியாது. தகடூர், அதாவது இன்றைய தர்மபுரி, அதியமான் கொடுத்த நெல்லிக்கனி கதை எல்லோருக்கும் தெரியும், ஒளவையே புறநானூறு 91இல் "சாதல் நீங்க எமக்கீந் தனையே" என்று பாடிவிட்டாள். சாவு நீங்கத் தந்தாயே. சரி, நீங்கியது. பிறகு? தந்தவன் செத்துப்போனான், தின்றவள் இருந்து 235ஆம் பாட்டில் ஒப்பாரி வைத்தாள். கொஞ்சமாகக் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவானே, நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடப் பாடத் தானும் குடிப்பானே என்று வரிக்கு வரி "மன்னே, மன்னே" என்று முடிகிறது. அந்த 'மன்' வந்தால் அது போயிற்று என்று பொருள். ஆயுளை நீட்டிக்கக் கனி உண்டு, ஞாபகத்துக்கு என்ன கனி என்று யாரும் கேட்கவில்லை. ஒருவேளை மறந்திருந்தால் ஒளவைக்கு நிம்மதியாக இருந்திருக்குமோ என்னவோ. (எங்கள் ஊர்ப் பக்கம் தெலுங்கு பேசும் வீடுகளில் பாட்டியை அவ்வா என்பார்கள். அந்தப் பிள்ளைகள் கத்திக் கூப்பிடும்போதெல்லாம் எனக்கு இந்த ஒளவை ஞாபகம் வரும்.)

ஆயாவும் மன்னே போடுகிறவள்தான். சாயங்காலம் ஆனால் ஆரம்பித்துவிடும். "செவலைய ஓட்டியாந்துட்டாங்களா?" ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை. ஆரம்பத்தில் நான் உண்மையைச் சொன்னேன், அது போய் நாற்பது ஐம்பது வருஷம் ஆச்சு ஆயா என்று. ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் கேட்ட மாதிரி அழுதாள். உண்மை பேசுகிறேன் என்ற திமிரில் ஒரே கிழவியை ஒரே மாட்டுக்காக ஒரு மாதம் அழவிட்டவன் நான். சித்திதான் நிறுத்தினார். "கட்டியாச்சு அத்தை. தவிடு வெச்சாச்சு" என்பார். ஆயா சரி என்று தலையாட்டிவிட்டுப் படுத்துக்கொள்வாள். மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர் மாத்திரை கொண்டுவருகிற அக்காகூட இப்போது உள்ளே நுழையும்போதே "மாடு வந்துடுச்சு பாட்டி" என்று சொல்லிக்கொண்டுதான் வருகிறார். அந்தத் திட்டமே 2021இல் நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கியது என்று அவருக்குக் கொஞ்சம் பெருமை.

அந்த ஏரிக் கவிதையைக் கிழிக்கவில்லை, நோட்டிலேயே இருக்கிறது. அதன் கீழே ஆயா சொல்வதைத் தேதி போட்டு எழுதிவருகிறேன். நேற்றைக்கு ஒரே வரி: "இந்த ஊட்டுல எல்லாரும் நல்லவங்களா இருக்காங்க, யாரு ஊடு இது?"

மணி ஆறரை ஆகிறது, கரண்ட் இல்லை. சித்தி மேல்வீட்டுக்குப் போயிருக்கிறார். உள்ளேயிருந்து குரல் வருகிறது, செவலைக்குத் தண்ணி காட்டினாங்களா என்று. இன்றைக்கு நான் மாடா, மாட்டை ஓட்டிப்போனவனா என்று தெரியவில்லை. சொம்பை எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கிறேன்.