ஷெல்லைத் தூக்கிப் போடுவதற்கு முன்

எஞ்சின் நன்றாகச் சூடேறி ஐடிலில் நிற்கும்போது ஆயில் பிரஷர் லைட் மினுக்க ஆரம்பித்தது. கூடவே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிற நேரத்தில் அடியிலிருந்து டக் டக் என்று ஒரு தட்டல். நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின், பழைய மெக்கானிக்கல் பம்ப் ரகம். ஐடிலில் ஓடவிட்டு இன்ஜெக்டர் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தேன். மூன்றாவதைத் தளர்த்தியதும் சத்தம் அமுங்கியது. ஒரு சிலிண்டரில் எரிப்பு நின்றால் தட்டலும் அடங்குகிறது என்றால் பெரும்பாலும் அந்தக் கன்ராட் பேரிங்தான், அதாவது பிஸ்டனைச் சுழலும் கிராங்க் தண்டோடு இணைக்கும் ராடின் அடிப்பக்கத்துப் பேரிங். (காமன் ரெயில் என்ற புது ரக டீசல் எஞ்சினில் இதைச் செய்யவே கூடாது. ஐடிலிலேயே பைப்பில் நூற்றுக்கணக்கான பார் அழுத்தம் இருக்கும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.)

ஆயிலை வடித்தபோது அடியில் தூள் தூளாக மினுமினுப்பு. காந்தத்தை வைத்தேன், ஒட்டவில்லை. ஒட்டியிருந்தால் இரும்பு, ஒட்டாததால் பெரும்பாலும் பேரிங் உலோகம்தான்.

அந்த நேரத்தில் என் திட்டம் மிகச் சின்னது. சம்ப்பை (அடியிலுள்ள ஆயில் தொட்டியை)க் கழற்றுவது, மூன்றாம் நம்பர் ஷெல்லை, அதாவது பேரிங்கின் அரைவட்டத் தகடுகளை, மட்டும் மாற்றுவது, மூடிவிடுவது. எஞ்சின் வேலையில் பல வருடம் பழகிய ஒரு பெரியவரிடம் சொன்னபோது, "தம்பி, ஷெல் தேஞ்சது தெரியுது. ஏன் தேஞ்சதுன்னு தெரியுமா?" என்று கேட்டார். பதில் இல்லை என்னிடம். எஞ்சினை முழுதாக இறக்கினேன்.

கழற்றும் முன்பே எடுக்க வேண்டிய அளவுகள் சில உண்டு. கழற்றிய பிறகு அவை கிடைக்காது. டயல் கேஜைக் கிராங்க் நுனியில் வைத்து, ஸ்க்ரூ டிரைவரால் முன்னும் பின்னும் நெம்பி எண்ட் பிளே (கிராங்க் நீளவாக்கில் நகரும் அளவு) பார்த்தேன்: 0.14 மி.மீ., கையேட்டு வரம்புக்குள்தான். ஒவ்வொரு ராடின் பக்கவாட்டு இடைவெளியையும் ஃபீலர் கேஜால் குறித்துக்கொண்டேன். பிறகு ராடிலும் அதன் கேப்பிலும் (கிராங்கை அடியிலிருந்து பிடிக்கும் பாதியிலும்) ஒரே பக்கமாக நம்பர் போட்டேன். இரண்டையும் சேர்த்து முடுக்கித்தான் துளையைக் கடைந்திருப்பார்கள், ஆகவே ஒரு கேப் இன்னொரு ராடுக்குப் பொருந்தாது. திருப்பிப் போட்டாலும் வட்டம் கெட்டுவிடும். ராட் போல்ட்டுகளுக்கு ரப்பர் ஹோஸ் துண்டுகளை மாட்டிவிட்டுத்தான் பிஸ்டனை மேலே தள்ளினேன். போல்ட்டின் மரை ஒரு தரம் ஜர்னலில், அதாவது பேரிங்குக்குள் சுழலும் கிராங்கின் பகுதியில், உரசினால் போதும், நல்ல ஜர்னலும் கீறலோடு வெளியே வரும்.

அடுத்ததுதான் எனக்கு இந்த வேலையிலேயே முக்கியமானது. எட்டு ஷெல்களையும் ஒரு வெள்ளைத் துணியில், மேல் ஷெல் மேலே, கீழ் ஷெல் கீழே, சிலிண்டர் வரிசைப்படி அடுக்கினேன். அப்படி அடுக்கிப் பார்த்தால்தான் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியும். 1, 2, 4 மூன்றும் மங்கிய சாம்பல் நிறம், மெல்லிய சுற்றுக் கீறல்கள். ஆயிலில் வந்த தூசி அது. நகத்தை வைத்து இழுத்தால் தட்டவில்லை. எரிப்பின் அடி விழும் மேல் ஷெல்லில் தேய்மானம் சற்றுக் கூடுதல், அது இயல்பு. கிராங்கை எஞ்சின் பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங்கில் இதுவே தலைகீழ், கீழ் ஷெல்தான் அதிகம் தேயும்.

மூன்றாம் நம்பர் வேறு கதை. மேல் ஷெல்லில் செம்பு நிறம் பளிச்சென்று தெரிந்தது. மூன்றடுக்கு ஷெல்லில் மேல் பூச்சின் கனம் சுமார் 0.02 மி.மீ.தான், அது போனால் அடியிலுள்ள செம்பு வெளியே வந்துவிடும். ஆனால் செம்பு ஷெல் முழுக்கப் பரவியிருக்கவில்லை. மேல் ஷெல்லில் முன்பக்க விளிம்பை ஒட்டி ஒரு பட்டை, கீழ் ஷெல்லில் அதற்கு நேர் எதிராகப் பின்பக்க விளிம்பை ஒட்டி இன்னொரு பட்டை. ஆயில் பற்றாக்குறை என்றால் முகம் முழுக்க இழுபட்டுத் தேய்ந்திருக்கும். ஷெல்லுக்கு அடியில் தூசி மாட்டியிருந்தால் முதுகில் ஒரு கறையும், அதற்கு நேரே முகத்தில் ஒரு தேய்ந்த புள்ளியும் இருக்கும். இப்படிக் கோணலாக எதிரெதிர் விளிம்பில் தேய்ந்தால் ராட் வளைந்திருக்கிறது.

அப்போதுதான் ஹெட்டைத் தூக்கிய அன்று பார்த்தது நினைவுக்கு வந்தது. மூன்றாம் சிலிண்டரின் மேல் விளிம்பில் கார்பன் வளையம் மற்ற மூன்றையும்விட அகலமாக இருந்தது. பார்த்தேன், கடந்து போய்விட்டேன். ராட் வளைந்தால் அதன் நீளம் குறையும், பிஸ்டன் மேலே வரவேண்டிய இடம் வரை வராது, வராத இடத்தில் கார்பன் படியும். வெளியே எடுத்திருந்த பிஸ்டனைத் திருப்பிப் பார்த்தால் ஸ்கர்ட்டில் (பிஸ்டனின் கீழ்ப் பக்கச் சுவரில்) உரசல் அடையாளம் நேராக இல்லாமல் சாய்வாக ஓடியது. இரண்டு வருடம் முன்பு தேங்கிய மழைநீரில் எஞ்சின் சட்டென்று நின்றுபோனது. ஏர் ஃபில்டர் வழியாகப் போன நீர் சிலிண்டரில் அமுங்காமல் ராடை மடக்கியிருக்கிறது. அன்று காயவைத்து ஸ்டார்ட் செய்தோம், ஓடியது, மறந்துவிட்டோம்.

ராடை அலைன்மென்ட் கருவியில் வைத்துப் பார்த்ததில் 100 மி.மீ. நீளத்துக்கு 0.2 மி.மீ. வளைவு. கையேடு அனுமதிப்பது 0.05.

கிராங்க் அளவெடுப்பில் ஒரு தவறு செய்தேன். சூடான கரைசலில் கழுவி, துடைத்த கையோடு மைக்ரோமீட்டரை வைத்துவிட்டேன். 50 மி.மீ. எஃகு 10 டிகிரி கூடுதல் சூட்டில் சுமார் 0.006 மி.மீ. பருக்கும். நாம் தேடுகிற தேய்மானமே அதைப் போல இரண்டு மூன்று மடங்குதான், அதனால் அந்த அளவுகளை அடித்துவிட்டேன். கிராங்கும் மைக்ரோமீட்டரும் ஒரே மேஜையில் இரவு முழுக்கக் கிடந்த பிறகு மறுநாள் காலை மீண்டும் எடுத்தேன். ஒவ்வொரு ஜர்னலிலும் இரு ஓரம், நடு என மூன்று இடம், ஒவ்வோர் இடத்திலும் 90 டிகிரி திருப்பி இரண்டு அளவு. ராட்செட் மூன்று முறை கிளிக் ஆகும்வரை, எப்போதும் அதே அழுத்தம். மூன்றாம் ஜர்னலில் வட்டக்கேடு 0.04, ஓரத்துக்கு ஓரம் சரிவு 0.03. வரம்பு இரண்டுக்குமே 0.02. மற்ற ராட் ஜர்னல்களும் எல்லா மெயின் ஜர்னல்களும் வரம்புக்குள்.

கிராங்கை வீ பிளாக்கில் (V வடிவத் தாங்கியில்) ஏற்றி நடு மெயினில் டயல் கேஜ் வைத்துச் சுற்றினேன், வளைவு இல்லை. கேஜ் முள் காட்டும் மொத்த ஆட்டத்தில் பாதிதான் உண்மையான விலகல் என்பதை மறந்தால் நல்ல கிராங்கையும் வளைந்தது என்று ஒதுக்கிவிடுவோம். விரிசல் இருக்கிறதா என்று காந்தத்தூள் சோதனைக்கும் கொடுத்தேன். ஜர்னல் ஓரத்து வளைவிலும் ஆயில் துளை வாயிலும்தான் விரிசல் தொடங்கும், இரண்டும் சுத்தம்.

நான்கு ராட் ஜர்னல்களையும் 0.25 மி.மீ. அண்டர்சைஸுக்கு (விட்டம் அவ்வளவு குறையும்படி) கிரைண்டிங் செய்யச் சொன்னேன். மெயின்களுக்குப் பாலிஷ் மட்டும். கிரைண்டிங் செய்பவரிடம் நான் அழுத்திச் சொன்னது ஜர்னல் ஓரத்து வளைவைப் பற்றித்தான்: அதைச் சதுர மூலையாக விட்டுவிட்டால் கிராங்க் அந்த இடத்தில்தான் ஒருநாள் முறியும். திரும்பி வந்ததும் ரேடியஸ் கேஜ் வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஆனால் ஆயில் துளைக்குள் நைலான் பிரஷை விட்டபோது சாம்பல் நிறக் குழம்பு ஒட்டிக்கொண்டு வந்தது. கிரைண்டிங் தூள்! அப்படியே மாட்டியிருந்தால் புது ஷெல்லை முதல் சில நிமிடங்களிலேயே அரைத்துத் தள்ளியிருக்கும். ஆயில் வழிகளை அடைக்கும் பிளக்குகளைக் கழற்றி, பிரஷ் வெள்ளையாக வரும்வரை கழுவினேன்.

மூன்றாம் ராட் புதிது, எடை மற்ற மூன்றோடு ஒத்துப்போகிறதா என்று தராசில் வைத்துத்தான் வாங்கினேன். போல்ட்டுகளும் புதிது. உலர்ந்த ஜர்னலில் பேரிங் இடைவெளியை அளக்கும் பிளாஸ்டிகேஜ் இழை ஒன்றை வைத்து, கேப்பை டார்க் ரெஞ்சால் முடுக்கி, கிராங்கைத் துளியும் அசைக்காமல் மறுபடி கழற்றினேன். நசுங்கிய இழையின் அகலம் அளவு அட்டையின் 0.05 மி.மீ. கோட்டுக்குப் பொருந்தியது, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே அகலம். மூன்றாம் நம்பரில் அந்த ஒரே அகலத்தைப் பார்த்தபோது இருந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. ஆயில் தடவி மாட்டிய பிறகு பிஸ்டன் உயரத்தையும் நான்கிலும் அளந்தேன். இந்தமுறை மூன்றாவது குறைவாக இல்லை.

டீசலை நிறுத்திவைத்து, ஆயில் லைட் அணையும்வரை ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்றவிட்டேன், அதன் பிறகுதான் ஸ்டார்ட் செய்தேன். 500 கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றினேன். பழைய ஃபில்டரை அறுத்து, காகித மடிப்புகளை வெயிலில் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தேன். கறுப்பு ஆயில் இருந்தது, மினுமினுப்பு எங்கும் இல்லை.