ஆறு பரப்புக் கணக்கு

செப்டெம்பர் 3, 2023, ஞாயிறு

இன்றைய வாசகம் லூக்கா 16ஆம் அதிகாரம். "உன் உக்கிராணக்கணக்கையொப்புவி" என்ற இடம் வந்தபோது வெள்ளிக்கிழமை இரவு தம்பி ரொறன்ரோவிலிருந்து அனுப்பிய செய்திதான் நினைவில் நின்றது. "அக்கா, மார்கழியிலை வாறன். காணிக் கணக்கை ஒருக்கா எழுதி வையுங்கோ." இவ்வளவுதான் எழுதியிருந்தான். இன்னும் பதில் போடவில்லை.

பிரசங்கம் தசமபாகத்தோடு நின்றுவிட்டது. பத்தில் ஒன்றை உறையிலிட்டுக் கொடுத்தபின் மீதி ஒன்பதும் என்னுடையவை என்ற எண்ணத்தோடுதான் நாங்கள் எல்லோரும் வீடு திரும்புகிறோம். அந்த ஒன்பதைப் பற்றி யாராவது பேசமாட்டார்களா என்று பல வருடங்களாகக் காத்திருக்கிறேன்.

செப்டெம்பர் 4

கிணற்றில் நீர் இன்னும் ஒரு முழம் இறங்கியிருக்கிறது.

செப்டெம்பர் 6

கணக்கு என்ற சொல் என்னை ஏன் இப்படிச் சுட்டது என்று இரண்டு நாட்களாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவன் போன நாள் முதல் அவனுடைய ஆறு பரப்புக் காணிக்கும் வேலி அடைத்தவள் நான். இடம்பெயர்ந்து திரும்பியபின் ஆள் உயரத்துக்கு நின்ற பற்றையை வெட்டுவித்தவள் நான். வரண்ட ஆண்டுகளில் கிணற்றை இறைத்துத் தூர் வாருவித்தவளும் நான். இத்தனையும் செய்தவளிடம் கணக்குக் கேட்பதா என்ற கோபம் என் உள்ளே இருந்தது. என் கணவரிடம் சொன்னேன். "தம்பியின்ரை காணிதானே, கேட்டால் குடுக்கிறதுதானே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

1707இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் தொகுக்கப்பட்ட எங்கள் யாழ்ப்பாண வழக்குச் சட்டமான தேசவழமை, சொத்தை முதுசம் (முன்னோர் வழி வந்தது), சீதனம் (பெண்ணுக்குக் கொடுத்தது), தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடியது) என்று மூன்றாகப் பிரிக்கிறது. இந்த வீடு எனக்குச் சீதனம்; அந்த ஆறு பரப்பும் தம்பிக்கு முதுசம்; என் ஓய்வூதியத்தில் மிஞ்சியது எங்கள் இருவருடைய தேடியதேட்டம். உறுதி எழுதும் நொத்தாரிசுக்கு இது போதும். ஆனால் "பூமியும் அதின் நிறைவும் கர்த்தருடையது" என்று 24ஆம் சங்கீதத்தைச் சிறுவயது முதல் மனப்பாடமாகச் சொல்லிவந்த ஒருத்திக்கு இந்த மூன்றில் எந்தப் பெயரும் கடைசிவரை நிலைக்காது. உக்கிராணம் என்பது களஞ்சிய அறை. உக்கிராணக்காரனின் இடுப்பில் சாவி தொங்கும், உள்ளே இருக்கும் நெல் வேறொருவருடையது. நானோ சாவியை வைத்திருந்த காலத்தின் நீளத்தை உரிமை என்று எண்ணிவிட்டேன். காணியைத் தம்பியிடமிருந்து மட்டுமா இப்படி எடுத்துக்கொண்டேன் என்று கேட்டால் அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

செப்டெம்பர் 7

இரவு முழுவதும் இவருக்கு மூச்சு இளைத்தது. கணக்குக் கொப்பியைத் திறக்கவில்லை.

செப்டெம்பர் 10, ஞாயிறு

எசமான் தன் ஊழியரிடம் பணத்தை ஒப்புவித்துப் போகும் தாலந்து உவமையை இன்று வீட்டிலிருந்து நானே வாசித்தேன். ஒரு தாலந்து என்றால் சில்லறைக் காசு என்று நீண்டகாலம் எண்ணியிருந்தேன். அது ஆறாயிரம் நாட்கூலி. ஒரு தொழிலாளி ஏறத்தாழ இருபது வருடம் உழைத்துப் பெறும் பணம். எல்லோரிலும் குறைவாகப் பெற்றவனின் கையிலும் அவ்வளவு கொடுக்கப்பட்டிருந்தது. அவன் அதைக் கொண்டுபோய்ப் புதைத்தான்.

புதைப்பதைப் பற்றி எங்களுக்குத் தெரியும். 1995 ஒக்ரோபர் 30 இரவு, போரினால் ஊர் முழுவதும் செம்மணி, நாவற்குழி வழியாகத் தென்மராட்சியை நோக்கி நடக்கத் தொடங்கியபோது, ஐயா தம்பியின் காணிக் கிணற்றடியில், தேசிமரத்தின் (எலுமிச்சையின்) அடியில் கிடங்கு வெட்டி, அம்மாவின் இரண்டு செம்புக் குடங்களையும் வெண்கலப் பானையையும் சாக்கில் சுற்றி வைத்து மண் போட்டார். அடையாளத்துக்கு உடைந்த கூரை ஓடு ஒன்றை வைத்தார். அடுத்த ஆண்டு சித்திரையில் திரும்பிவந்து தோண்டினோம். குடங்களில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. அம்மா பழப்புளியும் சாம்பலும் கொண்டு ஒரு நாள் முழுவதும் தேய்த்து அவற்றைப் பழைய நிறத்துக்குக் கொண்டுவந்தார். ஒன்றும் குறையவில்லை என்று முழங்காலில் நின்று நன்றி சொன்னோம்.

அந்த இரவில் புதைத்தது பிழை அல்ல. ஆனால் அதன் பிறகும் இத்தனை வருடங்களாக நான் அந்தக் காணியைப் புதைத்த பொருளைப் போலவே வைத்திருக்கிறேன். எல்லை குறையவில்லை, குத்தகை வருகிறது, வேறென்ன வேண்டும் என்று இருந்துவிட்டேன். மண்ணுக்கு என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை.

செப்டெம்பர் 12

இன்று பார்த்தேன். வெங்காயத் தறையில் ஒரு பிடி மண்ணை எடுத்து உடைத்தேன். ஒரு புழுவும் இல்லை. வரம்போரத்தில் வெறுமையாகக் கிடந்த யூரியாப் பைகளை எண்ணிவிட்டு வந்தேன்.

எங்களுக்கு ஆறு இல்லை. மழைக்காலத்தில் ஓடும் வழுக்கியாறு ஒன்றுதான். சுண்ணாம்புக் கல்லுக்குள் தங்கும் மழைநீரையே குடிக்கிறோம். தறையில் போடும் யூரியா நைத்திரேற்றாகி அந்தக் கல்லின் வெடிப்புகளால் இறங்கிக் கிணற்றுக்கே வந்து சேருகிறது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. மிஞ்சினால் கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் போகும். அந்தக் கிணற்றில் நாலு வீட்டார் தண்ணீர் அள்ளுகிறார்கள். ஒரு வீட்டில் மூன்று மாதக் குழந்தை இருக்கிறது. என் கொப்பியில் குத்தகைக்கு ஒரு நிரல், வேலிக்கு ஒரு நிரல்; தண்ணீருக்கு நிரல் இல்லை.

குத்தகைக்காரரிடம் பசளையைப் பாதியாகக் குறைத்து, ஐயா செய்ததுபோல் பூவரசங்குழையை மண்ணில் தாழ்த்திப் பார்க்கச் சொன்னேன். "ரீச்சர், விளைச்சல் குறைஞ்சால் குத்தகையைக் குறைப்பியளோ?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் குறைவது தம்பியின் பணம்.

செப்டெம்பர் 14

பனம்பழக் காலம் முடிகிறது. விடியற்காலையில் அயல்வீட்டு அக்கா காணிக்குள் விழுந்த பழங்களைப் பொறுக்கிக்கொண்டு நின்றார். வயலோரத்தைத் தீர அறுக்காமல் எளியவனுக்கு விட்டுவிடு என்ற லேவியராகமக் கட்டளையை நினைத்து, அவர் பொறுக்குவதை நான் ஒருபோதும் தடுத்ததில்லை. இன்றுதான் ஒன்று உறைத்தது: பனைகள் தம்பியுடையவை, கொடுத்த பெயர் எனக்கு. பழங்களை நிறுத்தமாட்டேன். கணக்கில் எழுதுவேன்.

செப்டெம்பர் 17, ஞாயிறு

எருசலேமின் ஏழைகளுக்குச் சேர்த்த பணத்தைப் பவுல் தனியே நிர்வகிக்கவில்லை. ஒருவரும் குற்றம் சொல்லாதபடி சபைகள் தெரிந்தெடுத்த சகோதரரையும் கூட்டிக்கொண்டார். பவுலுக்கே அது அவமானமாகப் படவில்லை. இரண்டு வாரங்களாக நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

மத்தியானம் தொடங்கி இரவு பத்து மணிவரை எழுதினேன். குத்தகை, வேலி, கிணறு, பனம்பழம், 2008இல் இவருடைய மருந்துக்காக எடுத்துத் திருப்பி வைக்காத எண்ணாயிரம் ரூபாய், யூரியா, அந்தக் குழந்தை. குத்தகையைக் குறைக்கலாமா என்றும் கேட்டேன். பதினொரு பக்கங்களைப் படம்பிடித்து அனுப்பினேன்.

செப்டெம்பர் 19

பார்த்துவிட்டான். பதில் இல்லை.

செப்டெம்பர் 21

இவரை ஆஸ்பத்திரி வாட்டில் மறித்துவிட்டார்கள்.

செப்டெம்பர் 24, ஞாயிறு

கட்டிலருகில் இருந்து எழுதுகிறேன். ஒட்சிசன் வைத்திருக்கிறார்கள், கொஞ்சம் கஞ்சி குடித்தார். ஆராதனைக்குப் போகவில்லை, காணிக்கை உறையை அயல்வீட்டு அக்கா கொண்டுபோனார்.

தம்பி எழுதியிருக்கிறான். "குத்தகையைக் குறையுங்கோ. எண்ணாயிரத்தை வெட்டிவிடுங்கோ. அத்தானைப் பாருங்கோ. கிணத்தடியிலை ஐயாவின்ரை தேசி நிக்குதோ?"

தேசிமரத்தைப் பதினொரு பக்கத்திலும் நான் எழுதவில்லை. அது 2019இல் பட்டுப்போனது; விறகுக்கு வெட்டுவித்தேன்.